ஜாம்பாஷ் கேசட்

கோச்கோர் சந்தையில் புருலின் கடைக்குப் போகிறவர்கள் இரண்டு காரியங்களுக்காகப் போவார்கள். ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு முகத்தைக் காட்ட. இன்னொன்று, பழைய தோய் விருந்துகளின் வீடியோவைக் கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற. எதற்குப் போனாலும் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் திரும்புவார்கள். புருலுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வது சுத்த அபாண்டம். அது கொஞ்சமெல்லாம் இல்லை.

அந்த வாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. அவள் புருஷன் மெலிஸ் ஒரு காலத்தில் எங்கள் ஊரின் ஒரே வீடியோக்காரன். கலைஞன் என்று அவனே சொல்லிக்கொள்வான், வேறு யாரும் சொல்லாததால். மாப்பிள்ளை மோதிரம் போடும்போது மெலிஸின் கேமரா கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரியவர்கள் ஆசி சொல்லும்போது சாலட் தட்டை நெருங்கி நெருங்கிப் போய், கடைசியில் ஒரு வெள்ளரித் துண்டு திரை முழுக்க நிற்கும். கேமராவில் தேதியைச் சரிசெய்ய அவனுக்கு வாழ்நாளில் நேரம் கிடைக்கவில்லை. அதனால் எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் நடந்த கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் பிறந்தநாள் எல்லாமே கேசட்டில் ஜனவரி ஒன்றாம் தேதிதான் நடந்திருக்கின்றன.

பிறகு மெலிஸ் தோய்களில் பாடுகிற ஒரு பாடகியோடு தலைநகர் பிஷ்கேக்குக்குப் போய்விட்டான். கேமராவை விட்டுவிட்டுப் போனான். பேட்டரி நிற்காத கேமராவையும் வாய் நிற்காத மனைவியையும் ஒரே வீட்டில் விட்டுவிட்டுப் போனான் என்று ஆண்கள் சிரித்தார்கள். புருல் அழுதாள். ஒரு வாரம் நன்றாகவே அழுதாள். அப்புறம் புது பேட்டரி வாங்கி, கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு தோய்களுக்குப் போக ஆரம்பித்தாள். பொம்பளை எடுக்கிற வீடியோ எப்படி இருக்கும் என்று முனகியவர்களெல்லாம் கேசட் வந்ததும் அடங்கிப்போனார்கள். மாப்பிள்ளை மோதிரம் போட்டது மாப்பிள்ளை மோதிரம் போட்டதாகவே தெரிந்தது. அவளுக்கு அந்த மண்டபத்தில் யார்மேலும் காதல் இல்லை, அதுதான் ரகசியம்.

இப்போது கேசட் காலம் போய்விட்டது. மாஸ்கோவில் தட்டு கழுவும் பிள்ளைகள் போன் போட்டு, "அம்மா, எங்க கல்யாணத்தை அனுப்பு" என்கிறார்கள். அம்மாக்கள் பெட்டியின் அடியிலிருந்து கேசட்டைத் தோண்டி எடுத்துக்கொண்டு புருலிடம் ஓடி வருகிறார்கள். கேசட் என்றால் தயிர்ச்சட்டி மாதிரி, இதிலிருந்து அதில் கவிழ்த்தால் முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். ஒரு மணி நேரக் கேசட் மாற ஒரு மணி நேரம் ஆகும், அது கேமராவில் முதலிலிருந்து ஓட ஓடத்தான் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும் என்று புருல் தொண்டை கிழியச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று பேச்சு. அவள் கடை மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரும் கிழடு. கேமராவின் கேபிள் நுழைகிற ஓட்டை அதன் முதுகில் மட்டும்தான் இருக்கிறது, புது மெஷின்களில் கிடையாது. அதனால் அதை அவள் மாமியாரைப் போலப் பார்த்துக்கொள்கிறாள். பிடிக்காது, ஆனால் செத்துவிடக் கூடாது.

போன வசந்தத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காலிபா அந்தக் கடைக்குள் புயலாக நுழைந்தாள். காலிபா என்றால் ஜுமாதிலின் மனைவி. ஜுமாதில் என்றால் ஓமுர்சாக்கின் தம்பி. ஓமுர்சாக் என்றால் ஒன்றுமில்லை. பழைய காலத்தில் ஆட்டுப்பண்ணையில் அதிகாரம் செய்தவர், பண்ணை போன பிறகு மனிதர்களையும் அப்படியே மேய்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். அண்ணனும் தம்பியும் பேசி இருபது வருஷம் ஆகிறது. காரணம் ஓர் எலும்பு.

ஒரு எலும்புக்காகவா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் யார் என்பதை, தோயில் அவன் முன்னால் வைக்கிற எலும்புதான் சொல்லும். மூத்த ஆணுக்கு ஜாம்பாஷ், அதாவது ஆட்டின் இடுப்பெலும்பு, மேலே சதை தொங்கத் தொங்க. அதற்குக் கீழே தொடையெலும்பு, அப்புறம் மற்றது. கணைக்கால் எலும்பு வந்தால், உட்கார், தின்னு, வாயை மூடு என்று அர்த்தம். ஜுமாதிலின் மூத்த மகன் கல்யாணத்தில் தனக்குக் கணைக்கால் எலும்பு வைத்தார்கள், அதுவும் சம்பந்திகள் கண்ணெதிரே, என்று சொல்லி மண்டபத்திலிருந்து எழுந்து போனவர்தான் ஓமுர்சாக். அதற்குப் பிறகு தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர் மனைவி சைரா செத்தபோதுகூட, தம்பி வந்து அழுத பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது ஜுமாதிலின் கடைசி மகளுக்குக் கல்யாணம். சனிக்கிழமை தோய். தலாஸிலிருந்து சம்பந்திகள் வருகிறார்கள். குடும்பத்தின் மூத்தவர் பந்தியின் முதல் இடத்தில் உட்கார்ந்து ஆசி சொல்லாவிட்டால், பெண் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறாள் என்று அவர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்பார்கள். ஓமுர்சாக் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார், ஒரே நிபந்தனையோடு. தம்பி சபையில் எழுந்து, கணைக்கால் எலும்பு வைத்தது தப்பு என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜுமாதில் உடனே கேட்டுவிடுகிறேன் என்றார். காலிபா விடவில்லை.

"செய்யாத தப்புக்கு மன்னிப்பா? அந்த ஜாம்பாஷை என் கையால எடுத்து வெச்சு அனுப்பினேன் புருல்!" என்று கேசட்டை மேசையில் அறைந்தாள். "உன் புருஷன் எடுத்ததுதான். இதுல இருக்கும். அந்த இடத்தை மட்டும் போன்ல போட்டுக் குடு. அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷமா? சித்தி, என் புருஷன் எடுத்ததுன்னு சொல்றீங்க. ஜாம்பாஷ் இருக்குமோ, வெள்ளரிக்கா இருக்குமோ, யாருக்குத் தெரியும்?"

"வேகமா ஓட்டிப் பாரு!"

"இருபது வருஷமாப் பெட்டியில கிடந்த நாடா. வேகமா ஓட்டினா அறுந்துடும். ஒரே தடவை, முதல்லேருந்து, மெதுவா. இஷ்டம்னா உக்காருங்க, இல்லேன்னா சாயங்காலம் வாங்க."

காலிபா உட்கார்ந்தாள். அதற்குள் கதவு மறுபடி திறந்தது. வெள்ளைத் தொப்பி, கைத்தடி, பின்னாலே குளிர். ஓமுர்சாக். எங்கள் சந்தையில் ஒரு செய்தி காய்கறிக் கடையிலிருந்து இறைச்சிக் கடைக்குப் போவதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

"கேசட் போடறியாமே," என்றார் புருலிடம். "நானும் பாப்பேன். கம்ப்யூட்டர்ல இப்பல்லாம் கழுதை உடம்புல என் தலையைக்கூட ஒட்டிடுவாங்க. நம்ப முடியாது."

"கழுதை ஒத்துக்கணுமே, பெரியப்பா."

காலிபா சட்டென்று எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் புருஷனின் அண்ணன் அண்ணன்தான். அவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது, முதுகைக் காட்டி உட்காரக் கூடாது. கடையோ ஓர் ஆட்டுக்கிடைக்குப் பாதி. அவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, முதுகு அவர் பக்கம் வராதபடி சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றாள். இருவரும் நேராகப் பேசுவதில்லை. நடுவில் புருல் இருக்கிறாளே.

"உக்காந்திருக்கிறவர்கிட்ட டீ வேணுமான்னு கேளு," என்றாள் காலிபா.

"வேண்டாம்னு சொல்லு," என்றார் ஓமுர்சாக். "அவங்க வீட்டு டீ குடிச்சு எனக்கு ஜீரணமாகறதில்லைன்னு சொல்லு."

"டீ என் கெட்டிலோடது," என்றாள் புருல். "ரெண்டு பேருக்கும் ஊத்தறேன். குடிச்சுட்டு வாயை மூடிட்டு பாருங்க."

கேமராவில் கேசட்டைப் போட்டாள். மூடி முனகிக்கொண்டு உள்ளே போனது. கேபிளைச் செருகி, கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தினாள். திரை முதலில் நீலமானது, அப்புறம் சதுரம் சதுரமாக உடைந்தது, அப்புறம் கூடியது. ஜனவரி ஒன்றாம் தேதி, கொளுத்துகிற வெயிலில், மாப்பிள்ளை கார் வந்தது.

பிறகு நடந்தது சித்திரவதை. ஓடுகிற நாடாவை நிறுத்தக் கூடாது, தள்ளக் கூடாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கார் நின்றது. கார் கதவின் கைப்பிடி நெடுநேரம் நின்றது. கூரை விளக்கு வந்தது. புருலுக்குத் தெரிந்ததுதான். அவளுக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று. மண்டபத்தில் நீலச் சட்டையில் ஒருத்தி பாட வந்ததும், இவ்வளவு நேரம் கள் குடித்த ஈ மாதிரி அலைந்த கேமரா அப்படியே நின்றுவிட்டது. ஆடவில்லை, அசையவில்லை. மெலிஸுக்குக் கேமராவை ஆடாமல் பிடிக்கத் தெரியும் என்பதே புருலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷத்துக்கு அப்புறமும் எரிகிறதே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

"அழகாத்தான் எடுத்திருக்கான்," என்றார் ஓமுர்சாக், இங்கிதம் தெரியாதவர்.

"ஆமா, உழைப்பு தெரியுது," என்றாள் புருல்.

இறைச்சி வரும் நேரம் நெருங்கியபோது காலிபாவின் போன் அடித்தது. பார்த்ததும் முகம் வெளுத்தது. தலாஸ் சம்பந்தி. மூத்தவர் வருகிறாரா, அவருக்குப் போர்த்த மேலங்கி என்ன அளவு என்று கேட்கத்தான் இருக்கும். அந்த மூத்தவரை வைத்துக்கொண்டே அவர் வருகிறார் என்று எப்படிப் பொய் சொல்வது? காலிபா போனை நெஞ்சில் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கண்ணாடிக்கு அப்பால் கையை வீசி வீசிப் பேசுவது தெரிந்தது. பொய் பெரியதாக இருக்க வேண்டும், கை அவ்வளவு தூரம் போனது.

அப்போதுதான் திரையில் தட்டு வந்தது.

நீலச் சட்டைக்காரி ஓமுர்சாக்கின் மேசைக்குப் பக்கத்தில் நின்று அவருக்கு மைக் பிடித்துக்கொண்டிருந்தாள். அதனால் கேமரா அந்த மேசையைவிட்டு நகரவே இல்லை. இல்லாவிட்டால் மெலிஸ் அந்த எலும்பைப் பிடித்திருப்பானா? ஓர் இளைஞன் குனிந்து, இரண்டு கையாலும் தட்டை ஓமுர்சாக்கின் முன்னால் வைத்தான். ஜாம்பாஷ். பட்டப்பகல்போலத் தெளிவாக, சதை தொங்கத் தொங்க. ஓமுர்சாக் அதைப் பார்க்கவில்லை. அவர் எழுந்து நின்று, கோப்பையை உயர்த்தி, தன் பண்ணையில் ஓநாயை அடித்த கதையை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கதை நீண்டது. பக்கத்தில் சைரா, அந்தக் காலத்துச் சைரா, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தாள். ஊரில் எல்லாப் பெண்களும் செய்கிற வேலைதான். தோயில் நமக்கு வைத்த இறைச்சியை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவது வழக்கம், போகாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. சைரா ஜாம்பாஷை எடுத்துப் பைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, காலடியில் வைத்தாள். காலித் தட்டை ஒருவன் எடுத்துக்கொண்டு போனான். பெரிய இறைச்சித் தாம்பாளத்துக்கு இடம் பண்ண இன்னொருவன் அடுத்தவரின் தட்டை இந்தப் பக்கம் நகர்த்தினான். அதில் கணைக்கால் எலும்பு. ஓநாய் கதை முடிந்து ஓமுர்சாக் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். முகம் மாறியது.



"மறுநா காலையில சூப்பு," என்றார் ஓமுர்சாக் மெதுவாக. "தலைவலியோட எந்திரிச்சேன். நல்ல கறி போட்டு சூப்பு குடுத்தா. நான்தான் தின்னேன். தம்பியைத் திட்டிக்கிட்டே தின்னேன்."

புருலுக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இருபது வருஷம்! ஒரு மனிதன் தன் வயிற்றுக்குள் போன எலும்புக்காக இருபது வருஷம் அடுத்தவனிடம் நியாயம் கேட்டிருக்கிறான். இது வெளியே போனால் கோச்கோர் மூன்று தலைமுறைக்குச் சிரிக்கும். காலிபா கையில் கிடைத்தால் சாயங்காலத்துக்குள் மாஸ்கோ வரைக்கும் சிரிக்கும். சிரிப்பதற்காகத் திரும்பியவள், கிழவர் திரையைத் தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். எலும்பை அல்ல. சைராவின் கன்னத்தை.

"பாத்து ஆறு வருஷமாச்சு," என்றார். "போட்டோல எல்லாம் முறைச்சுக்கிட்டே நிப்பா. இப்படிச் சிரிப்பான்னே மறந்துட்டேன்."



"அழிச்சுடும்மா. என்னைப் பாத்து ஊர் சிரிச்சா சிரிக்கட்டும், எனக்கு வேணும். பையைத் தூக்கிட்டு இருக்கிற அவளைப் போன் போனா அனுப்பிச் சிரிப்பாங்க. செத்தவ வந்து பதில் சொல்லுவாளா?"

"அழிச்சா சித்தி சும்மா விடுவாங்களா? உங்க தம்பி பக்கம் இருக்கிற ஒரே சாட்சி இது."

ஓமுர்சாக் தலை குனிந்துகொண்டார். பண்ணையை மேய்த்த தலை அப்படிக் குனியும் என்று புருல் நினைத்ததே இல்லை. கண்ணாடிக்கு வெளியே காலிபா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள் புருல் வேகமாக. "சனிக்கிழமை போறீங்க. மன்னிப்பு கின்னிப்புன்னு ஒண்ணும் கேக்கக் கூடாது. பந்தியில முதல் இடத்துல உக்காந்து, ஆசி சொல்லி, கணைக்கால் எலும்பு வெச்சாலும் சிரிச்சுக்கிட்டே தின்னுட்டு வர்றீங்க. சம்மதமா?"

"சம்மதம்."

அவள் கேமராவை நிறுத்தினாள். மூடியைத் திறந்து, விரலை விட்டு, நாடாவை இழுத்தாள். பழுப்பு நாடா சுருள் சுருளாக வெளியே வந்தது. கையில் கசக்கினாள், இன்னொரு தடவை நன்றாகக் கசக்கினாள். கதவு திறந்தபோது அவள் முகத்தில் இருந்த சோகத்துக்கு எந்த மேடையிலும் பரிசு கிடைத்திருக்கும்.

"ஐயோ சித்தி! மெஷின் தின்னுடுச்சு! கம்ப்யூட்டர்ல ஏறினதும் போச்சு!"

காலிபா திட்டியதை இங்கே எழுத முடியாது. புருலைத் திட்டினாள், மெஷினைத் திட்டினாள், மெலிஸைத் திட்டினாள். மெலிஸைத் திட்டியபோது மட்டும் புருல் தலையாட்டினாள். எல்லாம் ஓய்ந்த பிறகு ஓமுர்சாக் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"அவகிட்ட சொல்லு," என்றார். "சனிக்கிழமை வர்றேன்."

காலிபாவின் வாய் திறந்தபடியே நின்றது. "ஏன்னு கேளு," என்றாள்.

"பசிக்குதாம்," என்றாள் புருல்.

மறுநாள் அவள் கம்ப்யூட்டரில் ஏறியிருந்ததிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கிழவரின் போனில் போட்டுக் கொடுத்தாள். பை விரிவதற்கு முன்னால் முடிந்துவிடும். சைரா சிரிக்கிறது மட்டும். மற்றதை அழித்தாள். நீலச் சட்டைக்காரியையும் சேர்த்துத்தான். அதை அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவளாகவே அழித்தாள்.

அந்த வாரம் முழுக்க ஊரில் அவள் பேர் நாறியது. புருலிடம் கேசட் கொடுத்தால் நாடா நூலாகத் திரும்பும் என்று காலிபா வீடு வீடாகச் சொன்னாள். கேசட் கொடுத்திருந்த மூன்று பேர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனாலும் சனிக்கிழமை தோய்க்கு வீடியோ எடுக்க வேறு ஆள் கிடைக்காததால் அவளையே கூப்பிட்டார்கள், கேசட் இல்லாத கேமராவோடு வரவேண்டும் என்ற நிபந்தனையுடன்.

சனிக்கிழமை ஓமுர்சாக் வந்தார். பந்தியின் முதல் இடத்தில் உட்கார்ந்தார். தலாஸ் சம்பந்திகள் மேலங்கி போர்த்தினார்கள். ஜுமாதில் தன் கையாலேயே ஜாம்பாஷைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார். எல்லோரும் பார்த்தார்கள், சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். புருல் கேமராவை ஆடாமல் பிடித்திருந்தாள். இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். ஆனால் யாரோ ஓமுர்சாக் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"இருபது வருஷம் என் மனசுல ஒரு காயம் இருந்துச்சு," என்று ஆரம்பித்தார். "என்ன காயம்னு சொல்ல மாட்டேன். நான் பெரியவன். பெரியவன்னா மனசும் பெரிசா இருக்கணும். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் என் தம்பியை மன்னிச்சுட்டேன்!"

மண்டபம் கைதட்டியது. என்ன மனிதர், என்ன மனசு என்றார்கள். தலாஸ்காரர்கள் எழுந்து நின்றே கைதட்டினார்கள். புருலுக்குக் கேமராவை அவர் தலையில் போடலாமா என்று தோன்றியது. சாட்சியை அழித்தது அவளே, இனி யாரிடம் போய்ச் சொல்வது? அவள் முற்றத்துக்குப் போய், அண்டாக்கள் கொதிக்கிற இடத்தில் நின்று பேட்டரி மாற்றுகிற சாக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஜுமாதில் பின்னாலேயே வந்தார். அறுபத்தெட்டு வயது, அடக்கமான மனிதர், இருபது வருஷமாகத் தப்பு செய்தவர் என்று ஊரே பார்த்த மனிதர்.

"அந்தக் கேசட் நிஜமாவே போயிடுச்சா, புருல்?"

"போயிடுச்சு, சித்தப்பா. மன்னிச்சுடுங்க. உங்க பக்க நியாயம் அதுலதான் இருந்திருக்கும்."

"நல்லதாப் போச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஜாம்பாஷை அண்ணி பையில போட்டாங்க," என்றார் ஜுமாதில், அண்டாவைப் பார்த்துக்கொண்டு. "ஒரு வாரம் கழிச்சு அவங்களே வந்து அழுதாங்க. அவர்கிட்ட சொல்லிடறேன் தம்பின்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். அண்ணன் குணம் உனக்குத் தெரியும். சம்பந்திங்க முன்னாடி கத்திட்டு எழுந்து போனவர், தப்பு தன் வீட்டுப் பைக்குள்ளன்னு தெரிஞ்சா அவங்களை உயிரோட தின்னுருப்பார். என்கூடக் கோவிச்சுக்கிட்டா வருஷத்துக்கு ரெண்டு தடவை முகத்தைத் திருப்பிக்குவார், அவ்வளவுதான். அண்ணி அவரோட தினமும் உக்காந்து சாப்பிடணுமே. அடுத்த வசந்தத்துக்குள்ள மறந்துடுவார்னு நெனச்சோம்."

"சித்திக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா உனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்." லேசாகச் சிரித்தார். உடனே சிரிப்பு போய்விட்டது. "அண்ணனுக்கு மட்டும் தெரியவே கூடாதும்மா. இந்த வயசுல தாங்க மாட்டார். செத்தவங்களை இனி போய் என்ன கேப்பார்?"

கோச்கோர் சரித்திரத்திலேயே முதல் தடவையாகப் புருலுக்குப் பதில் வரவில்லை. கண் எரிந்தது, அண்டாவின் புகை என்று கையால் துடைத்துக்கொண்டாள். உள்ளே மைக்கில் ஓமுர்சாக்கின் குரல் மறுபடி எழும்பியது. மன்னிப்பது எவ்வளவு கஷ்டம், ஆனாலும் தான் எப்படி மன்னித்தோம் என்று இன்னொரு தடவை, இன்னும் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேட்டியா?" என்றார் ஜுமாதில், முகமெல்லாம் மலர்ந்து. "இருபது வருஷம் கழிச்சு என்னைத் தம்பின்னு சொல்றார்."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அண்ணனுக்குக் கைதட்ட உள்ளே ஓடினார்.